வெளிப்பக்கம் கைப்பிடி வைத்த ஜன்னல்

அஞ்சலை, என் ராசாத்தி,

நீ இருந்தபோது ஒரு நாளும் உன்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது நீ எதிரில் இல்லாத துணிச்சலில் கூப்பிடுகிறேன். நாலு பேர் படித்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உட்கார்ந்து எழுதவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. உப்பு மூட்டைகளை மார்பு உயரத்துக்கு அடுக்கி, அதன் மேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் என்று என்னைத் திட்டுவாயே, இந்த ஐப்பசியில் அது இன்னும் மோசம். எந்தச் சேதியைக் கொண்டுவந்தாலும் "முதல்ல முடிவச் சொல்லு" என்பாய். இந்த ஒரு தடவை முதலிலிருந்துதான் சொல்வேன். முடிவை முதலில் சொல்லிவிட்டால் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாமலே போய்விடும்.

நம் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, இதைப் பார்க்காமல் போய்விட்டாய். காமாலை வந்தபோது உன்னை இன்னும் நல்ல வைத்தியரிடம் காட்டியிருக்கலாமா? அந்தப் பேச்சை இப்போது எடுக்கவில்லை. உப்பளத்தில் உப்பு வாரி, அம்பாரமாகக் குவித்து, ஓலை மூடி முடித்த கையோடு கிளியனூர் போய் அவளை அழைத்துவந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அப்போதே இழுத்தாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. தாயில்லாத வீட்ல பிரசவம்னா யாரு பாக்கிறது? எங்க ஊர்ல இருந்தா அவசரத்துக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்காவது கொண்டு போயிடலாம்." அவள் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு இல்லாததால்தான் எனக்குக் கோபம் வந்தது. செல்வி ஒரே பிடி. "எங்கம்மா என்னைப் பெத்த ரூம்லதான் நானும் பெத்துக்குவேன்" என்றாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உன்னைச் சீண்ட நீ இல்லை. கடைசியில் என் கூடப்பிறந்த பாக்கியம் அக்கா வந்து தங்குவதாகச் சொன்ன பிறகுதான் சம்பந்தியம்மா விட்டுக்கொடுத்தாள்.

ஐப்பசி பிறந்ததும், மருமகள் இருக்கிற இடத்தை ஒரு பார்வை பார்க்க வந்தாள். அந்த அறையின் ஜன்னலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மரக்காணத்து உப்புக்காற்றில் எந்த இரும்பு நின்றது? கைப்பிடி துருப்பிடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. கொக்கி எப்போதோ விழுந்துவிட்டது. நீ போன பிறகு இரண்டு கதவையும் சேர்த்துக் கம்பியோடு கயிற்றால் கட்டிவைத்திருந்தேன். ஒண்டிக்கட்டைக்கு அது போதாதா?

சம்பந்தியம்மா கட்டிலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். காற்று வருகிறதே என்று ஜன்னலை இழுத்துச் சாத்தப் போனாள். கைப்பிடி அவள் கையோடு வந்துவிட்டது. உள்ளங்கை முழுக்கத் துரு. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதான் ரூமாண்ணே?"

"மாத்திடறேன் சம்பந்தியம்மா. இந்த வாரத்துலயே மாத்திடறேன்."

"மழை இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. பச்ச ஒடம்புக்காரி மேல ஈரக்காத்து பட்டா ஜன்னி கண்டுடும். வர்ற வெள்ளிக்கிழம வண்டி கட்டிக்கிட்டு வர்றேன். ஜன்னல் சாத்துற மாதிரி இருந்தா பொண்ணு இருக்கட்டும். இல்லன்னா அனுப்பிடுங்க."

அவள் போன பிறகு செல்வி என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு, "என்னை அனுப்பிடாதப்பா" என்றாள். அத்தனை பெரிய வயிற்றோடு சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூனிமேடு போனேன். கடைவீதியில் இரும்புச் சாமான் விற்கிற காசிம் பாயைத் தெரியுமே உனக்கு. இரும்புக் கைப்பிடியை எடுத்ததுமே கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

"பித்தளையா எடுத்துக்குங்கண்ணே. உங்க ஊர்ல இரும்பு வெல்லம் மாதிரி, கரைஞ்சிடும். ஸ்க்ரூவும் பித்தளையே தர்றேன். வீட்ல ஏதாச்சும் விசேஷமா?"

"பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது பாய்."

"அல்லா நல்லபடியா ஆக்குவான். போய் முதல்ல மாட்டுங்க."

கதவுக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடி, சேர்த்துப் பூட்ட ஒரு கொக்கியும் வளையமும். வழியெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்ததுதான் தாமதம், அடுப்படியிலிருந்து அக்கா ஓடிவந்தாள்.

"டேய், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? வாயும் வயிறுமா ஒருத்தி உக்காந்திருக்கா, நீ வீட்ல ஆணி அடிக்கப் போறியா?"

"ஆணி இல்லக்கா, ஸ்க்ரூ. திருகறதுதான்."

"திருகுனா மட்டும் துளை விழாதா? புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டு மரத்துல துளை போட்டா வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது. அஞ்சலை இருந்தா உன்ன விட்டிருப்பாளா?"

உன் பெயரைச் சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். விட்டிருக்கமாட்டாய். செல்வி உன் வயிற்றில் இருந்தபோது சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கப் போனேன், நீ சுத்தியலைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாய். பிள்ளை பிறந்து தலை நின்ற பிறகுதான் சுத்தியலைக் கண்ணால் பார்த்தேன்.

இதையெல்லாம் நான் நம்புகிறேனா? உப்பு விலை ஏறப்போகிறது என்று எவனாவது சொன்னால்கூட நம்பாதவன் நான். ஆனாலும் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு முதல் திருகாணியை வைக்க எனக்குக் கை வரவில்லை. மாட்டாவிட்டால் பெண் போய்விடுவாள். மாட்டிவிட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்றால், அப்புறம் ஆயுசுக்கும் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? திருப்புளியும் கையுமாக வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். "உக்காருப்பா, உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் செல்வி. டீக்கடை ரேடியோவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வேறு சொன்னார்கள். அந்த நாட்களில் நான் தூங்கியதாக நினைவில்லை.

வியாழக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு அது தோன்றியது. வாய் கொப்பளிக்காமலே அக்காவிடம் ஓடினேன்.

"வீட்லதானக்கா அடிக்கக் கூடாது? ஜன்னல் கதவையே கழட்டி வெளிய கொண்டுபோயிட்டா?"

"எங்க கொண்டுபோவ?"

"அளத்துக் கொட்டாய்க்கு. அங்க வெச்சுக் கைப்பிடி போட்டுக் கொண்டாந்து மாட்டிடறேன். சட்டத்தத் தொடமாட்டேன். கதவோட சரி."

அக்கா முகவாயில் கை வைத்துப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி யோசித்தாள். "வாசப்படியத் தாண்டிட்டா தோஷம் இல்ல. ஆனா கழட்டறப்ப ஒரு தட்டு தட்டக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

தட்டாமல் கழற்றுவது என்றால் லேசா? கீலெல்லாம் துருவேறி ஒரே கட்டியாக இருந்தது. ரேஷனில் வாங்கிய கிருஷ்ணாயிலை விட்டு ஊறவைத்து, கீலுக்கு நடுவில் இருக்கிற கம்பியை ஆட்டி ஆட்டி உருவினேன். அந்த நாள் முழுக்க அதற்கே போனது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜன்னல் ஓட்டையில் கோணியை மாட்டிவிட்டு, இரண்டு கதவையும் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு அளத்துக்குப் போனேன்.

வேலை முடிந்த அளத்தைப் பார்த்தால் உனக்குப் பிடிக்காது, வெறிச்சென்று இருக்கும் என்பாய். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. பாத்தியில் கலங்கல் தண்ணீர், வரப்பில் ஒரு ஆள் இல்லை. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொட்டாயில் கதவைக் கிடத்தி, ஓட்டை போட்டு, கைப்பிடியை வைத்து, ஒரு கதவில் கொக்கி, மறு கதவில் வளையம் என்று மளமளவென்று திருகினேன். பழைய கைப்பிடியை வைத்தவர்கள் ஆணியை மறுபக்கம் வரைக்கும் இறக்கி மடக்கியிருந்தார்கள், அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் துருக்கறைதான் இருந்தது. நான் அதை நின்று பார்க்கவுமில்லை. வேலை சுத்தமாக வந்திருந்தது. பித்தளையை வேட்டியால் துடைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் அஞ்சலை. நீ போன பிறகு ஒரு வேலையை முடித்து அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் வண்டி நின்றது. சம்பந்தியம்மா அறைக்குள் கோணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜன்னல மாத்தறேன்னீங்க. ஜன்னலே இல்லியேண்ணே."

"இந்தா, கொண்டாந்துட்டேன். ஒரு நிமிஷம்."

வெளியே நின்று கதவுகளைக் கீலில் பொருத்திக் கம்பியைச் செருகினேன். வெளியிலிருந்தே தள்ளிச் சாத்தினேன். அச்சு வார்த்த மாதிரி சேர்ந்தது. கொக்கி போட்டுக் காட்டலாம் என்று உள்ளே ஓடினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் மரம். கைப்பிடி, கொக்கி, வளையம் எல்லாம் வெளிப்பக்கம் இருந்தன.

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தக் கொட்டாயில் உட்கார்ந்து வருஷா வருஷம் நான் செய்கிற ஒரே தச்சு வேலை மடைப்பலகைக்குக் கைப்பிடி போடுவதுதான். பாத்திக்குத் தண்ணீர் விடவும் அடைக்கவும் போடுகிற பலகை அது. அதைத் தூக்குகிறவனும் அடைக்கிறவனும் வெளியே வரப்பில்தான் நிற்பான், அதனால் கைப்பிடி எப்போதும் வெளிப்பக்கம். என் கை அந்தப் பழக்கத்திலேயே ஜன்னலுக்கும் வைத்துவிட்டது. உப்பளத்துக்காரன் புத்தி வேறு எங்கே போகும்?

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"போதும்ணே. நீங்களும் எவ்வளவோ பாக்கறீங்க. பொண்ண அனுப்பிடுங்க" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள்.

உள்ளிருந்து பூட்ட முடியாத ஜன்னலை வைத்துக்கொண்டு இந்த மழையில் என் பெண்ணை நான் எப்படிக் காப்பாற்றுவேன்? "கூட்டிட்டுப் போங்க" என்றேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டாள். வாசல் நிலையைத் தாண்டக் காலை எடுத்தவள், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள்.

"அத்தை" என்றாள். இரண்டு அத்தைகளும் ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. பெண்ணை ஏற்றிக்கொண்டு போக வந்த வண்டி மருத்துவச்சி முனியம்மாவை ஏற்றிக்கொண்டு வரப் போனது. முனியம்மா வந்து பார்த்துவிட்டு, "இனிமே வண்டில ஏத்துனா வழியிலயே ஆயிடும். ஆம்பளைங்கல்லாம் வெளிய போங்க" என்றாள். வண்டிக்காரன் டீக்கடைக்குப் போய்விட்டான். நீ செல்வியைப் பெற்றபோது என்னையும் இப்படித்தான் துரத்தினார்கள், நான் கடற்கரைக்குப் போய் வலைக்காரர்களோடு பீடி பிடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் போயிருப்பேன். அதற்குள் வாடைக்காற்று ஒரு வீச்சு வீசி ஜன்னல் கதவு இரண்டும் படாரென்று அடித்துக்கொண்டன.

உள்ளிருந்து அக்கா கத்தினாள். "டேய், எங்கடா இருக்க? வந்து ஜன்னலச் சாத்துடா. இங்கிருந்து சாத்த முடியல."

ஓடிப் போய்ச் சாத்திக் கொக்கி போட்டேன். கொஞ்ச நேரத்தில் முனியம்மா, "பொண்ணுக்கு மூச்சு முட்டுது, தொறங்க" என்றாள். திறந்தேன். சாரல் அடித்ததும் "சாத்துங்க" என்றாள். சாத்தினேன். கோணியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஆள் சொன்னபடியெல்லாம் திறந்து சாத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். திறக்கும்போதெல்லாம் முகத்தைக் கழுவெளி ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த மரியாதை எனக்குத் தெரியும், கவலைப்படாதே.

மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. வலி ஏறுவதும் இறங்குவதும் எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் செல்வி "அம்மா, அம்மா" என்று கத்தினாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் கத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள் அஞ்சலை. கத்தலுக்கும் கத்தலுக்கும் நடுவில் யாராவது பதில் சொல்வார்களா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி எனக்கு இருந்தது. உள்ளே இருந்த பெண்கள் "பொறுத்துக்கடி, பொறுத்துக்கடி" என்றுதான் சொன்னார்கள். அவள் கூப்பிட்ட பெயருக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது. முனியம்மா அதட்டினாள், சம்பந்தியம்மா முருகா முருகா என்றாள். செல்வி கத்தவே இல்லை. கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாக உள்ளேயிருந்து ஈனமாக ஒரு "அம்மா" வந்தது.

"இருக்கேன்டி கண்ணு. இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அத்தனை சத்தமாக அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அப்புறம் செல்வி வீறிட்டாள், முனியம்மா "அப்படித்தான், அப்படித்தான்" என்றாள். அதற்கும் பிறகு நான் என்ன செய்தேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதே. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டபோது கொக்கியை அழுத்தி அழுத்தி என் விரலில் ரத்தம் கட்டியிருந்தது.

"அண்ணே, ஜன்னலத் தொறங்க" என்றாள் சம்பந்தியம்மா. திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பரவால்ல, இந்தப் பக்கம் பாருங்க" என்றாள். உன் பழைய நூல் சேலையில் சுற்றி, கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். பேத்தி. செக்கச்செவேலென்று, என்னைப் போலவே எரிச்சலோடு கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். எனக்குப் பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது, அது அவள் மேல் பட்டுவிடுமே என்று உடனே சாத்திவிட்டேன். இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

முடிவைச் சொல்லிவிட்டேன், போதுமா? தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஜன்னி கின்னி ஒன்றும் அண்டவில்லை. சம்பந்தியம்மா வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிவிட்டாள். உன் அடுப்படியில் அவளும் அக்காவும் மிளகு ரசத்துக்குப் பூண்டு எவ்வளவு என்று சண்டை போடுகிறார்கள். தெருவே வந்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறது. "திருடனுக்கு வசதியா கைப்பிடி வெச்சுக் குடுத்திருக்கியாமே" என்கிறார்கள். கைப்பிடியைத் திருப்பி மாட்டிவிடுகிறேன் என்று திருப்புளியை எடுத்தால், பச்சப் பிள்ளை இருக்கிற வீட்டில் துளை போடுவியா என்று அக்கா மறுபடியும் ஆரம்பிக்கிறாள். மறுபடி கழற்றி அளத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால், இந்த மழையில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஜன்னலை ஓட்டையாக விட முடியாது. காலையில் நான் வெளியே போய்த் திறக்கிறேன், விளக்கு வைத்ததும் போய்ச் சாத்துகிறேன். மழை தூறினால் நடுவிலும் ஓடுகிறேன். உட்காராதவனுக்கு ஏற்ற வேலைதான்.

நேற்றுச் சாத்தப் போனபோது செல்வி விழித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் பக்கத்தில் தூங்கியது.

"அப்பா, அன்னிக்கு இருக்கேன்னு சொன்னது நீதான?"

"ஆமாம்மா. ஏதோ பயத்துல வந்துடுச்சு. தப்பா?"

"என்னால முடியல, விட்டுடலாம்னு இருந்தேம்பா. நீ சொன்ன பிறகுதான் முக்குனேன்."

கொக்கியைப் போட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அழுதேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உன் இடத்தை எடுத்துக்கொண்டேன் என்று கோபமா? அவள் கூப்பிட்டது உன்னை. நீ பேசியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இனி அவள் எந்த வலியில் "அம்மா" என்றாலும், இங்கே என்றாலும் கிளியனூரில் என்றாலும், அது என் காதில் விழுகிற காலம் வரைக்கும் நான் பதில் சொல்லுவேன். கூப்பிட்டுவிட்டு அவள் காத்திருக்கும்படி விடமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
செல்விக்கு அப்பனும், முடிந்த அளவுக்கு அம்மாவும்,
கோவிந்தன்